குரல் கொடுத்தவன்

புது பூட்ஸைக் காலில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி, அப்படியே வெந்நீர்த் தொட்டிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மீசைக்காரனைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஓலாவேயில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஸ்பெயினின் வடக்குக் கரையில், ஆறு கடலில் கலக்கிற இடத்தில், கப்பல் கட்டுவதையும் பந்து உதைப்பதையும் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத ஊர் அது. புதுத் தோலை வழிக்குக் கொண்டுவர வேறு உபாயம் கிடையாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அரை மணி வெந்நீரில் ஊற வேண்டும். பிறகு காலிலேயே காய வேண்டும், எப்படியும் மூன்று மணி நேரம். நடுவில் கழற்றினால் தோல் தன் இஷ்டத்துக்குச் சுருங்கிவிடும். ஈரத்தோடு நடந்தால் கோணிக்கொள்ளும். ஆகவே ஹிலாரியோ கோயெனாகா அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணியிலிருந்து ஆணியடித்த மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக ஊர் அணியின் லெஃப்ட் பேக், கோலுக்கு முன்னால் இடதுபக்கத்தைக் காக்கிறவன். இது அவனுடைய நான்காவது ஜோடி. முதல் ஜோடி 1909இல், அடுத்தது பதின்மூன்றில், மூன்றாவது பதினேழில், இதோ இருபத்தொன்றில் இது. செருப்புத் தைக்கும் சத்தூர்னினோவிடம் டிசம்பரிலேயே அளவு கொடுத்தாயிற்று. முப்பத்து மூன்று வயதில் புது பூட்ஸுக்கு அளவு கொடுக்கிறவன் இன்னும் நான்கு வருஷம் ஆடப்போகிறேன் என்று ஊருக்குச் சொல்கிறான் என்றுதான் அர்த்தம். டிசம்பரில் அவனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

தண்ணீர் பூட்ஸின் தையல் வழியாக மெல்ல உள்ளே இறங்கி விரல்களுக்கு நடுவே வந்தபோது அவனுக்கு ஆற்றுமணல் ஞாபகம் வந்தது. எப்போதும் அதுதான் வரும். பத்தொன்பது வயது அப்போது. இங்கிலாந்துக் கப்பல் மாலுமிகள் நீர் வடிந்த மணலில் இரண்டு துடுப்பை நட்டு வைத்துப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. கரையில் மரக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களில் தோள் அகலமாக இருந்தவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். சிவப்பு முகக்காரன் ஒருவன் அவன் தோளைப் பிடித்து ஒரு இடத்தில் நிறுத்தி, குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்து, இங்கேயே நில் என்று சைகை காட்டிவிட்டுப் போனான். நின்றான். பந்து வந்தபோதெல்லாம் உதைத்தான். ஆள் வந்தபோதெல்லாம் இடித்தான். கொஞ்ச நேரத்தில் கடல் ஏறி ஆறு திரும்ப மணலுக்கு வந்துவிட்டது. மாலுமிகள் பந்தைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அவன் மட்டும் கணுக்கால் ஆழத் தண்ணீரில் அந்தக் கோடு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான், யாரும் வரச்சொல்லவில்லையே என்று. கரையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஊரில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நகராதவன் ஒருவன் தேவைப்படுகிற இடத்துக்கு அவன்தான். நகரக்கூடாது. இன்றைக்கும் அவ்வளவுதான். ஆறு மணிக்குக் கேப்டன் லெயாந்த்ரோ, பிளாஸிடோவின் காபிக்கடைக் கண்ணாடியில் நாளைய ஆட்டத்துக்கான பதினோரு பெயரை ஒட்டுவான். அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஒட்டியபிறகு யாரும் கிழிக்கமாட்டார்கள்.

கொடியில் பெனிட்டா துவைத்துப் போட்ட துணிகள் தொங்கின. வலது கண்ணை மூடினான். வெறும் வெண்மை. பாலில் தோய்த்த துணியை முகத்தில் போட்ட மாதிரி. ஓரத்தில் மட்டும் ஏதோ அசைகிறது, அது காற்றோ ஆளோ சொல்ல முடியாது. கண்ணைத் திறந்தான். ஆறு துணிகள். மூடினான். வெண்மை. நேற்றைக்கும் இதே வெண்மைதானா, கொஞ்சம் குறைந்திருக்கிறதா? ஒரு மணிக்கு ஒருமுறை இப்படிச் சோதிப்பது அவனுக்கு ஒரு வழக்கமாகவே போய்விட்டது, பல்வலிக்காரன் நாக்கால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஜனவரி மழையில் ஆடிய ஆட்டம். பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகியிருந்தது, நேராக இடது கண்ணில் வந்து அடித்தது. பந்தின் வாயைத் தைத்திருக்கும் தோல்கயிறு இருக்கிறதே, அது நெற்றியில் பட்டால் கீறும், அதற்காகத்தான் எல்லா பேக்குகளும் நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்ட கைக்குட்டையைத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். பெனிட்டா அவன் கைக்குட்டைக்குள் இரண்டு மடிப்பு ஃபிளானல் துணிகூட வைத்துத் தைத்திருந்தாள். நெற்றிக்கு எல்லா ஏற்பாடும் உண்டு. கண்ணுக்கு யார் என்ன தைத்துக் கொடுப்பார்கள்? அன்றைக்கு வீங்கியது வடிந்துவிட்டது, கறுத்தது வெளுத்துவிட்டது, ஊரே பார்த்து நலமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு ஆட்டம் ஆடியாயிற்று. கழுத்தை எப்போதும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் ஓட வேண்டும். புல்லில் காலடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். வலதுபக்கம் மாறிக்கொண்டால் எல்லாம் சுலபம், கோடு நல்ல கண்ணின் பக்கம் வந்துவிடும், ஆனால் ரைட் பேக் பஸிலியோ ஏன் என்று கேட்பான். பன்னிரண்டு வருஷமாக நின்ற இடத்தை ஏன் விடுகிறாய் என்று லெயாந்த்ரோ கேட்பான். ஏன் என்று ஒருவன் கேட்டால் போதும், நூல் பிடித்துக்கொண்டு எல்லாம் வந்துவிடும். இடதுபக்கத்திலேயே நிற்க வேண்டியதுதான். பக்கவாட்டில் வருகிறவனைச் சமாளித்துவிடலாம். உயரமாக வருகிற பந்துதான் ஏமாற்றுகிறது. ஒற்றைக்கண்ணுக்குத் தூரம் தெரிவதில்லை. இருக்கிற இடத்துக்கு ஒரு கை நீளம் முன்னால் இருப்பதாகக் காட்டுகிறது. ஒரு கைதான். சான்டாண்டர்காரர்களோடு ஆடியபோதும் அந்த ஒரு கைதான்.

அதை நினைக்க வேண்டாம் என்று கயிற்றுத் துளைகளை எண்ண ஆரம்பித்தான். ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு. எண்ணி முடிப்பதற்குள் அந்தப் பந்து வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால், கோப்பைக்கான அரையிறுதி, ஒன்றுக்குப் பூஜ்யம் நாம் முன்னால், முடிய ஐந்து நிமிஷம். நடுமைதானத்திலிருந்து எவனோ தூக்கி அடித்தான். அது மேலே போய், நின்று, யோசித்து, இறங்கியது. பின்னால் கோலில் ஸெனோன், பெனிட்டாவின் தம்பி, தாவி வருகிற சத்தம் கேட்டது. அவன் பாட்டுக்கு வந்திருந்தால் இரண்டு கையாலும் பூப்போலப் பிடித்திருப்பான். "விடு, என்னுது" என்று ஹிலாரியோ குரல் கொடுத்தான். நல்ல குரல், மைதானத்து மூலைவரை போகிற குரல் இல்லை, கோல்காரனுக்கு மட்டும் போய்ச் சேருகிற குரல். ஸெனோன் அந்த இடத்திலேயே நின்றான். ஹிலாரியோ எம்பினான். எம்பிய இடத்தில் பந்து இல்லை. அது ஒரு கை தள்ளி, தலைக்கு மேலே போய், இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து, அவசரமே இல்லாமல் குதித்துக் குதித்து உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று. அதனால்தான் நாளைக்கு மறுபடி ஆட்டம். வேலிக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்குக் குரல் கேட்கவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் கோல்காரன் பாதி வழியில் கம்பமாக நின்றதைத்தான். பிறகு படகுக் கொட்டகையில் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது லெயாந்த்ரோ வழக்கப்படி நடுவில் வந்து நின்று, "குரல் கொடுத்தவன் யாரு?" என்று கேட்டான். ஹிலாரியோ குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கை தூக்கலாம் என்றுதான் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். முடிச்சு அவிழவில்லை. லெயாந்த்ரோ இன்னொரு முறை கேட்கமாட்டான், வழக்கமில்லை. எதிர்பெஞ்சில் ஸெனோனின் சேறு படிந்த முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. அவை ரொம்ப நேரம் அசையவில்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே ஹிலாரியோதான். 1910இல் ஒரே பந்துக்கு இரண்டு பேர் பாய்ந்து, எலாதியோவின் தாடை உடைந்து, அவன் இரண்டு மாசம் சூப்பை உறிஞ்சியே உயிர் பிழைத்தான். அப்போது ஹிலாரியோ சொன்னான், இனிமேல் குரல் கொடுத்தவனுக்கே பந்து, மற்றவன் நின்றுவிட வேண்டும், அது தன் தாயாரை நோக்கி வந்தாலும் சரி. தப்பிப்போனால் ஆட்டம் முடிந்து கொட்டகையில் கேப்டன் கேட்பான். குரல் கொடுத்தவன் தானே கை தூக்க வேண்டும். கேப்டன், எந்தப் பந்துக்கு என்பான். இன்ன பந்துக்கு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அதைப்பற்றி அப்புறம் எவனும் பேசக்கூடாது. மற்றவன் ஒருபோதும் ஆளைக் காட்டக்கூடாது. காட்டினால் சண்டை, தூக்கினால் சமாதானம். பதினோரு வருஷம் அது ஓடியது. எத்தனையோ கைகள் உயர்ந்திருக்கின்றன, அவனுடையதே நாலைந்து முறை. அப்போதெல்லாம் தூக்கிய கை இப்போது ஏன் தூக்கவில்லை? தூக்கினால் எப்படித் தப்பியது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் யோசித்திருப்பார்கள். ஹிலாரியோவுக்குத் தலைக்கு நேராக வந்த பந்து தப்புமா என்று பஸிலியோ யோசித்திருப்பான். ஜனவரி, கண், வீக்கம், இந்தக் கழுத்துத் திருப்பல், ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்திருப்பான். நான் பொய் சொல்லவில்லையே, என்றது மனசு. ஒன்றுமே சொல்லவில்லை, அது எப்படிப் பொய் ஆகும்? வாய் சொல்லவில்லை, சரி. கை? அந்தக் கை மூன்று வாரமாக அவனோடு சாப்பிடுகிறது, கட்டை இறக்குகிறது, பெனிட்டாவின் தலையைத் தடவுகிறது, அதற்கும் ஒன்றும் தெரியாத மாதிரி.

பெனிட்டா கெண்டியோடு வந்தாள். சூடான தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக ஊற்றினாள், காலில் படாமல். "போதுமா, இன்னும் வேணுமா?" என்றாள். போதும் என்றான். அவள் போகவில்லை. கொடியில் துணியைத் தொட்டுப் பார்த்தாள், சிரிமிரி வருமா என்று வானத்தைப் பார்த்தாள். மழையா பனியா என்று தெரியாமல் நாளெல்லாம் பொசிகிற அந்தத் தூறலுக்கு ஊரில் அப்படித்தான் பெயர். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "ஸெனோன் டாக்டர்கிட்ட போயிருந்தான்."

"எதுக்கு?"

"காதுக்கு. பாய்லர் பட்டறைல இருக்கறவங்களுக்கு முதல்ல இரைச்சல், அப்புறம் இல்லாத சத்தமெல்லாம் கேக்கும், அப்புறம் ஒண்ணுமே கேக்காதுன்னு சொல்வாங்க இல்ல? அன்னைக்கு மைதானத்துல யாரோ விடுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சாம். யாரும் சொல்லலையாம். டாக்டர் காது நல்லா இருக்குன்னுட்டாரு."

"அப்ப நல்லதுதானே."

"என்ன நல்லது? காது நல்லா இருந்தா அப்ப தலைலதான் கோளாறுன்னு உக்காந்திருக்கான். ராத்திரி சாப்பிடலையாம், அவன் பொண்டாட்டி சொன்னா." அவள் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது கணவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்பது அவனுக்குத் தெரியவில்லை, அவள் போனது இடதுபக்கம்.

சரி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். நாளை ஆடுவோம். நாளை ஜெயிப்போம். ஜெயித்த கொட்டகையில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து, அன்றைய பந்து என்னுடையது என்று கை தூக்கிவிடலாம். ஜெயித்தவன் தூக்குகிற கையை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். கண்ணையும் அப்போதே சொல்லிவிடலாம். ஒரே ஒரு ஆட்டம். பன்னிரண்டு வருஷத்தில் ஊர் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போனதில்லை, அதற்கு அழைத்துப்போகிற ஆட்டத்தில் அவன் பெயர் இருந்தால் போதும். போன வருஷம் ஆண்ட்வெர்ப்புக்கு ஒலிம்பிக் ஆடப் போனவர்களைத் தேர்ந்தெடுத்தபோதும் அப்படித்தான், ரயிலேறிப் போய் இரண்டு நாள் ஆடிக் காட்டினான், வழுக்கைத் தலை அதிகாரி ஒருவர் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார், பட்டியலின் கடைசிப் பெயருக்கு அடுத்த பெயர் உன்னுடையது என்று. அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். அடுத்த பெயராக இனி இருக்கமாட்டேன். நாளை அந்த சான்டாண்டர் விங்கர் வருவான், சிவப்புத் தலையன், கோட்டை ஒட்டியே ஓடுவான். முதல் ஐந்து நிமிஷத்திலேயே அவனை ஒரு இடி இடித்துவிட வேண்டும், அப்புறம் உள்பக்கமாக ஓடுவான், நல்ல கண்ணுக்கு நேராக. உயரப் பந்து வந்தால்? குரல் கொடுக்காமல் விட்டுவிட வேண்டும். கோல்காரனே எடுத்துக்கொள்ளட்டும். கோல்காரன் ஸெனோன். தலையில் கோளாறு என்று சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிற ஸெனோன். அவன் ஒவ்வொரு பந்துக்கும் நிற்பான், இது நிஜக்குரலா பொய்க்குரலா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். இந்த இடத்தில் யோசனை சிக்கிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நாளை ஆடுவோம். நாளை ஜெயிப்போம். சிவப்புத் தலையன், இடி, உள்பக்கம். உயரப் பந்து. மறுபடி அதே இடத்தில் சிக்கியது. காலைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கல்லின் மேல் வைத்தான். பூட்ஸிலிருந்து தண்ணீர் வழிந்து கல்லின் பள்ளத்தில் தேங்கியது. இனி காய வேண்டும். கோயில் மணி நாலரை அடித்தது.

நிமிர்ந்து உட்கார்ந்து வலது கண்ணை மூடினான். வெண்மை. ஓரத்தில் ஏதோ அசைந்தது. துணியாக இருக்கும். திறந்தான், துணிகள் அசையவில்லை. மூடினான். "பாத்தும் பாக்காத மாதிரி இருக்கியே மச்சான், எம்மேல கோபமா?" என்றது இடதுபக்கக் காற்று.  தலையைத் திருப்பினால் இரண்டு முழத் தூரத்தில் ஸெனோன் நிற்கிறான், கைக்குள் சுருட்டிய கம்பளிச் சட்டையோடு, எவ்வளவு நேரமாக என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஆறடி ஆள். மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எப்ப வந்தே?"

"அப்பவே. நீ காலை வெளில எடுத்தப்பவே. ஏதோ யோசனைல இருக்கேன்னு நின்னேன்." சட்டையைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தான். கோல்காரனின் மஞ்சள் கம்பளிச் சட்டை, முழங்கையில் பெனிட்டா போட்ட ஒட்டு. "அக்காகிட்ட கொடு. துவைச்சு வைக்கட்டும். நாளைக்கு வேற யாராவது போட்டுக்குவாங்க. காலைல லெயாந்த்ரோகிட்ட சொல்லிட்டேன், நான் வேண்டாம்னு."

"ஏண்டா?"

"காது போனாக்கூடப் பரவால்ல மச்சான், எங்க பட்டறைல எல்லாருக்கும் போறதுதான். இல்லாத குரலைக் கேட்டேனே. அதுதான் பயமா இருக்கு. நாளைக்கு நீ ஓடிவர்றப்ப இல்லாத குரலைக் கேட்டு நான் நின்னா? இல்ல, இருக்கற குரலை இல்லைன்னு நெனச்சுப் பாய்ஞ்சு, எலாதியோ மாதிரி உன் தாடையை ஒடச்சா?" அவன் கேட்கவில்லை, நீ குரல் கொடுத்தாயா என்று. கேட்க அவனுக்கு மூன்று வாரம் இருந்தது, கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆளைக் காட்டக்கூடாது என்பது வழக்கம், ஸெனோன் வழக்கத்தை மீறுகிறவனில்லை. "ஒரு உதவி பண்ணு. நான் அந்தச் சுவரோரமாத் திரும்பி நின்னுக்கறேன். நீ உனக்குத் தோணறப்ப ஏதாவது சொல்லு. தோணலைன்னா சும்மா இரு. குரல் வந்தா நான் கை தூக்கறேன். சரியாத் தூக்கறேனா, தப்பாத் தூக்கறேனான்னு நீ சொல்லு. பொண்டாட்டிகிட்ட கேக்கக் கூச்சமா இருக்கு."

சுவரோரமாகப் போய் முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்றான். தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருந்தான் அந்த ஆறடி ஆள். ஹிலாரியோ குரல் கொடுக்காமல் பார்த்தான். ஆற்றில் ஒரு படகு ஊதியது. ஸெனோனின் கை தொங்கியபடியே இருந்தது, சரியாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். ரொட்டி, மழை, பெனிட்டா, எதையாவது சொல்லலாம், அவன் கை தூக்குவான், நன்றாகத்தான் கேட்கிறது போடா என்று தேற்றி அனுப்பிவிடலாம், மணி இன்னும் ஐந்துகூட ஆகவில்லை, பட்டியல் ஆறுக்கு, சட்டையை அவனிடமே கொடுத்து நீயே நில் என்று சொல்லலாம், எல்லாம் அப்படியே இருக்கும், நாளை ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவனைத் தேற்ற முடியாது. இந்தக் காது சரி என்றால் அன்றைக்குக் கேட்ட குரல் எங்கிருந்து வந்தது என்று அவன் மறுபடி அந்த இருட்டுக்குள்தான் போய் உட்காருவான். அதிலிருந்து அவனைக் கூட்டிவர ஒரே ஒரு குரலால்தான் முடியும். நகராமல் நிற்பது என்றால் என்ன? மாலுமி கிழித்த கோட்டில் நின்றது இடத்துக்காகவா? இல்லை, நில் என்று நம்பி நிறுத்தினானே, அதற்காக. ஸெனோனும் அதற்காகத்தானே அன்றைக்கு நின்றான், ஊரே ஏசினாலும். இந்தக் குடும்பத்தில் அன்றைக்கு நகராமல் நின்றவன் அவன் ஒருவன்தான். ஹிலாரியோ வாயைத் திறந்தான். உரக்க இல்லை. கோல்காரனுக்கு மட்டும் போய்ச் சேருகிற அதே குரல்.

"விடு, என்னுது."

ஸெனோனின் கை உயர்ந்தது. தோள்வரை சட்டென்று வந்தது, பிறகு நின்றது, பிறகு மெதுவாக மேலே போய் அங்கேயே நின்றது. அவன் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு முறை குலுங்கியது.

"இறக்குடா," என்றான் ஹிலாரியோ. "அது நான் தூக்கவேண்டிய கை."

"கேட்டுச்சு மச்சான்."

"அன்னைக்கும் சரியாத்தான் கேட்டுச்சு உனக்கு. இடது கண்ணு எனக்குப் போயிடுச்சு. ஜனவரிலேர்ந்து. நீ பக்கத்துல நின்னது எனக்குத் தெரியலை, கோபமெல்லாம் இல்லை." சொல்லி முடித்ததும் எழுந்தான். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. வாசற்படியில் பெனிட்டா நின்றிருந்தாள், எதுவரை கேட்டாளோ. "காயலையே, நடக்காதே, வீணாயிடும்" என்றாள், பழக்கத்தில். வீணாகட்டும் என்றான். மஞ்சள் சட்டையை எடுத்து ஸெனோனின் மார்பில் திணித்துவிட்டு வெளியே நடந்தான்.

தெருக்கல்லில் பூட்ஸ் சளக்சளக்கென்றது. அடிப்பக்கம் வைத்து அடித்த தோல்கட்டைகள் வழுக்கின. ஒவ்வொரு அடிக்கும் தோல் கோணிக்கொள்வது பாதத்துக்குத் தெரிந்தது. பரவாயில்லை. காபிக்கடைக்கு முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியில் மனசு இருநூறு சாக்குச் சொன்னது. நாளை ஆட்டத்துக்கு லெஃப்ட் பேக் யார், ஊர் தோற்றால் யார் பாவம், ஜெயித்த பிறகு சொன்னால் என்ன குறைந்துவிடும். எதற்கும் அவன் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு நேராக அவன் எந்தப் பந்துக்கும் போனதில்லை. பிளாஸிடோவின் கடையில் எல்லோரும் இருந்தார்கள், சீட்டாட்டம், சுருட்டுப்புகை. லெயாந்த்ரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று பசை தடவிய தாளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தான். ஆறுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அவன் எப்போதும் அவசரக்காரன். முதலில் எல்லோரும் பார்த்தது ஹிலாரியோவின் காலைத்தான். "உனக்கென்ன பைத்தியமா, காயாத பூட்ஸோட நடந்து வர்றே?" என்றான் பஸிலியோ. "சத்தூர்னினோ பாத்தா செத்துடுவான்" என்றது இன்னொரு மேஜை. சிரிப்பு. ஹிலாரியோ கடை நடுவில் நின்றான். கீழே சின்னதாக ஒரு குளம் கட்டியது. வலது கையைத் தூக்கினான்.

சிரிப்பு ஒவ்வொரு மேஜையாக அணைந்தது. கொட்டகையில் தூக்குகிற கையைக் காபிக்கடையில் யாரும் பார்த்ததில்லை. லெயாந்த்ரோ பசைக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று ஹிலாரியோ காத்திருந்தான். வரவில்லை. வழக்கம் என்னவோ அதைத்தான் அவன் கேட்டான்.

"எந்தப் பந்துக்கு?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி நீ கேட்டியே, அந்தப் பந்துக்கு. ஸெனோன் காதுல விழுந்தது என் குரல். இன்னொண்ணு, எனக்கு இடது கண்ணு தெரியலை. அந்தப் பேப்பரை எடுத்துடு."

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது, அதுவும் வழக்கம். பஸிலியோ மட்டும் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான், ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பசை இன்னும் காயவில்லை, தாள் கிழியாமல் முழுதாக வந்துவிட்டது. லெயாந்த்ரோ பென்சிலை நாக்கில் தொட்டு முதல் பெயரை, கோல்காரனுடையதை, அடித்து ஸெனோன் என்று எழுதினான். மூன்றாவது பெயருக்கு வந்தபோது பென்சில் கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. "அடி," என்றான் ஹிலாரியோ. அடித்தான். தன் பெயரின் மேல் போன அந்தக் கோட்டை ஹிலாரியோ நல்ல கண்ணால் கடைசிவரை பார்த்தான். வலித்தது. ரொம்ப வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் வந்திருந்தான். கையை அப்போதுதான் இறக்கினான், அதுவரை அது மேலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது ஸெனோன் போய்விட்டிருந்தான், மஞ்சள் சட்டையும் அவனோடு போயிருந்தது. சாய்ந்த முக்காலியை பெனிட்டா நிமிர்த்தி வைத்திருந்தாள். ஹிலாரியோ பழையபடி அதில் உட்கார்ந்தான். கயிறு தளர்ந்திருந்தது, குனிந்து இரண்டையும் மறுபடி இறுக்கிக் கட்டினான், மேல்துளைவரை, இரட்டை முடிச்சு. கோணிப்போன தோலை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் கணுக்காலோடு ஒட்டவைத்தான். "இனிமே எதுக்கு, கழட்டேன்," என்றாள் பெனிட்டா. "காயட்டும்," என்றான். "ஆரம்பிச்சதைப் பாதில விடறதா?" அவள் கொடியிலிருந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்த சத்தம் கேட்டது, அவள் கைச் சூடு முழங்கையில் பட்டது, ஆள் தெரியவில்லை.

"அந்தப் பக்கம் வேண்டாம் பெனிட்டா," என்றான். "அங்க எனக்குத் தெரியறதில்ல. இந்தப் பக்கம் வா."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வலதுபக்கம் வந்தாள்.